பஸ்ஸிலிருந்து இறங்கிய சுபேதார்

பொறாமைக்கு வயசு உண்டா என்ன? ஐம்பத்தெட்டு வயசில், பேரன் பேத்தி எடுத்த பிறகு, ஒரு மாவு மில்காரர் மேல் தளவாய் சுபேதாருக்கு வந்தது பாருங்கள், அப்படி ஒரு பொறாமை எந்தச் சின்னப் பிள்ளைக்கும் வந்திருக்காது.

தளவாய் இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்ததிலிருந்து ஆற்றங்கரை மடத்து முண்டாசுச் சாமிக்குச் சீடர். சாமி அவரைவிடப் பத்து வயசு இளையவர். அதைப் பற்றி சுபேதாருக்குக் குறை ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் குருபூஜை அன்று மடத்து வாசலில் பிரம்போடு நின்று கூட்டத்தை ஒழுங்கு செய்பவர் அவர்தான். பதினோரு வருஷமாக அந்தப் பிரம்பு வேறு கைக்குப் போனதில்லை.

மாவு மில் ஆவுடையப்பனும் அதே மடத்துச் சீடர்தான். பேச மாட்டார். புருவத்தில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். பந்தியில் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சுபேதார் அவரை ஒரு ஆளாகவே நினைத்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் இரண்டு பேரும் ஒரே மினி பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள். பாதி வழியில் அருவாளோடு ஒருவன் ஏறினான். ஏறியவன் அந்த ஒற்றை வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என் மச்சினன் எங்கடா? இந்த வண்டியிலதான் ஏறினான். ஒளிச்சு வச்சவன் எவனா இருந்தாலும் வெட்டுவேன்!"

மச்சினன் வண்டியிலேயே இல்லை. சொன்னால் கேட்கிற நிலைமையிலா அவன் இருந்தான்!

சுபேதாரின் இடுப்பில், சட்டைக்குள், லைசன்ஸ் வாங்கிய பிஸ்டல் இருந்தது. அது பீரோவில் இருப்பதாகத்தான் வீட்டில்கூட நினைத்திருந்தார்கள். அவர் கை இடுப்புக்குப் போனது. அதற்குள் ஆவுடையப்பன் எழுந்துவிட்டார்.

"தம்பி, அருவா உங்கையிலதான இருக்கு, எங்க போயிரப்போவுது? அந்தப் பிள்ளத்தாச்சி இறங்கிக்கிடட்டும். பாவம், மூச்சு வாங்குதுல்லா."

அவன் முறைத்தான். பிறகு அரை அடி நகர்ந்தான். அந்தப் பெண் இறங்கினாள்.

"அந்தப் பெரியவரையும் விட்டுரு. அவரு யாருக்கு என்ன செஞ்சாரு?"

பெரியவரும் இறங்கினார். அப்படியே ஒவ்வொருவராக இறக்கி, கடைசியில் ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார்.

"சுபேதாரே, நீங்களும் இறங்குங்க."

இறங்கினார்! இடுப்பில் பிஸ்டலை வைத்துக்கொண்டு இறங்கினார்! காலி வண்டியில் அந்த ஆள் அருவாளைக் கீழே போட்டுவிட்டுச் சீட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். போலீஸ் வருகிறவரைக்கும் ஆவுடையப்பன் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? மாலை என்ன, சால்வை என்ன, பேப்பரில் போட்டோ என்ன! மடத்தில் நாலு பேர், "இந்த வருஷம் வாசல் பிரம்பு ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குத்தான்" என்று பேசிக்கொண்டார்கள். அது சுபேதாரின் காதில் விழுந்தது. மில் இருக்கிற தெருவில் நடப்பதை விட்டார். மிளகாய் அரைக்கக்கூட அடுத்த ஊருக்குப் போகச் சொல்லி மனைவியோடு சண்டை போட்டார். அந்த அம்மாள் பாவம், வெயிலில் மூன்று மைல் நடந்தாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், வெளியே சொல்லவும் முடியாது. என்னிடம் துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? 'வச்சிருந்துமா இறங்கினீரு?'

குருபூஜைக்கு முந்தின நாள் அந்த அருவாள்காரன் ஜாமீனில் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நாளை மடத்துக்கு வருவானாம். மச்சினனும் வருவானாம். சுபேதாருக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம்தான் வந்தது.

மத்தியானம் மடத்துக்குப் போனார். சமையல்கட்டுக்குப் பின்னால் சாமி பூஜைச் சமையலுக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளும்."

"நாளைக்கு ஆயிரம் சனம் கூடும். அந்தப் பயலும் வருவான். பிரம்பு யாருக்கு வேணும்னாலும் குடுங்க, நான் வாசல்ல நிப்பேன். அவன் அருவாள ஓங்கினா நான் சுடலாமா, கூடாதா?"

சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

சாமி பார்த்தார். கையிலிருந்த புளியில் கொட்டையை எடுத்து முடித்தார்.

"அன்னைக்கும் இது இருந்துதா?"

"இருந்துது சாமி."

"பட்டாளத்துல ஒரு சண்டை முடிஞ்சா, நடந்ததை எப்படிச் சொல்லுவீங்க?"

"வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. மணல்ல இடத்தைப் போட்டுக் காட்டணும். யாரு எங்க நின்னா, எவன் எந்தப் பக்கம் வந்தான், எல்லாம்."

"பஸ்ஸைப் போடும்."

சாமி ஒரு கை புளியங்கொட்டையைத் தள்ளிவைத்தார். சுபேதாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தெரிந்த வேலையாயிற்றே! மண்ணைச் சமப்படுத்தி, வாசல், டிரைவர் சீட், ஜன்னல் எல்லாம் குச்சியால் கீறினார். வாசலில் ஒரு கொட்டை, அருவாள்காரன். பின் சீட்டில் ஒரு கொட்டை, அவர். நடுவில் ஒரு கொட்டை.

"இது ஆவுடையப்பன். இடது காலை முன்னால வச்சிருந்தாரு. சட்டையில மேல் பொத்தான் கிடையாது. வலது கையில மஞ்சப் பை. பேசுறப்போ அந்தக் கையைத்தான் ஆட்டினாரு."

"மத்தவங்க?"

சுபேதார் மிச்சக் கொட்டைகளை அள்ளிப் பஸ்ஸுக்குள் போட்டார்.

"அதுல பிள்ளத்தாச்சி எது?"

ஒரு கொட்டையை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு பின்னால் நகர்த்தினார். பிறகு கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பெரியவர்?"

சுபேதார் இன்னொரு கொட்டையை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

"நீர் சுட்டு, குண்டு அவனைத் தாண்டியிருந்தா, அங்க யாரு இருந்தா?"

"தெரியல சாமி."

முப்பது வருஷத்துக்கு முந்திய பனிமலைக் காவல் சாவடியை இன்றைக்கும் பாறை பாறையாகப் போட்டுக் காட்டுகிற மனுஷன்.

"எடுக்க நேரமே கிடைக்கலியோ?"

"கிடைச்சுது. பெரியவரைக் கைத்தாங்கலா இறக்கும்போது ஆவுடையப்பன் நல்லாக் குனிஞ்சிட்டாரு. எனக்கும் அவனுக்கும் நடுவுல யாருமே இல்ல."

"பின்ன ஏன் எடுக்கல?"

"சனத்துக்கு ஆபத்தாயிரக் கூடாதேன்னு..."

"சனம் எங்க இருந்துதுன்னே உமக்குத் தெரியலியே."

சுபேதார் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தார். சாமி அடுத்த புளியை எடுத்தார். அவசரப்படுத்தவில்லை.

"பதினோரு வருஷம் சாமி!" சுபேதார் வாசல் பக்கம் கையை நீட்டினார். "வெயில்லயும் மழையிலயும் இந்த வாசல்ல நின்னவன் நான். என்னைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை? ஆவுடையப்பன் ஒரு நாள், ஒரே ஒரு நாள் எழுந்திரிச்சு நின்னான். அவன் எழுந்திரிச்ச உடனேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எல்லாம் அவனுக்குத்தான்னு."

"ஏன் எடுக்கல?"

"அவன் மேல ஒரு வெட்டு விழட்டும்னு காத்திருந்தேன்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.

"லேசா, கையில ஒண்ணு. உயிருக்கு ஒண்ணும் ஆகாம. அது விழுந்திருந்தா நான் எழுந்திரிச்சுச் சுட்டிருப்பேன். எல்லாரையும் நான் காப்பாத்தியிருப்பேன். விழவே இல்ல சாமி. ஒவ்வொருத்தரா இறக்கிட்டு என்னையும் இறக்கிவிட்டுட்டான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழைய கேள்விக்கே திரும்பினார்.

"சொல்லுங்க சாமி. நாளைக்கு நான் என்ன செய்யணும்?"

"ஆவுடையப்பன் மேல வெட்டு விழணும்னு நின்னவங்க அந்த வண்டியில ரெண்டு பேரு, சுபேதாரே," என்றார் சாமி. "ஒருத்தன் கையில இருந்ததைக் கீழ போட்டுட்டான்."