முனகாத பேட்டரி

"பயம் போக ஒரு வழி சொல்லுங்க மேடம்."

இதைக் கேட்டபோது இருதயராஜுக்கு ஐம்பத்துமூன்று வயது. கார் பேட்டரி கம்பெனியில் பாதி ஆயுளைக் கரைத்துவிட்டு, புது வித்தை கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த செங்கமலம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் 'பயந்தாங்கொள்ளி மேடம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

அங்கே செய்வது திரவமே இல்லாத லித்தியம் பேட்டரி. ஒரு பக்கம் லித்தியத் தகடு, மறுபக்கம் எதிர்த்தகடு, நடுவில் முட்டை ஓட்டைவிட மெல்லிய பீங்கான் சுவர். லித்தியமும் சுவரும் ஒட்டி உட்கார, இடையில் கிராபீன் பூச்சு. கிராபீன் என்றால் கரிதான். ஆனால் கண்ணுக்கே அகப்படாத மெல்லிசு.

பூச்சு சரியாக அமைந்தால் பேட்டரி வருஷக்கணக்கில் உழைக்கும். ஒரு துணுக்கு சுவரின் ஓரத்தைத் தாண்டி வழிந்துவிட்டால், இரண்டு பக்கமும் உள்ளுக்குள்ளேயே கைகோத்துக்கொள்ளும். பிறகு எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம்.

ஒரு முறை பிடித்தும் இருக்கிறது. சார்ஜ் அறையின் கூரையில் அந்தத் தீயின் கரி இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர்களை மேடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

"வழி இருக்கு அண்ணே," என்றார் செங்கமலம். "அப்புறம் சொல்றேன்."

"உங்களுக்கே பயம் போகலையே மேடம். சார்ஜ் போடுறப்போ கை நடுங்குது, பார்த்தேன்."

"ஆமா."

அவ்வளவுதான் பதில்.

இருதயராஜ் பயந்துகொண்டே வேலை செய்தார். ஒவ்வொரு பேட்டரியின் ஓரத்தையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பார்த்த ஓரத்தையே மறுபடியும் பார்ப்பார். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட எழுந்து நின்றுவிடுவார். மகள் பெனிட்டா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மாதங்கள் ஓடின. செய்த பேட்டரிகள் எல்லாம் தேறின. ஒன்றுகூட எரியவில்லை.

ஸ்கூட்டரில் வைத்து ஓட்டிப் பார்க்கும் நாள் குறிக்கப்பட்டது. ஓட்டப் போவது யார் என்று பேச்சு வந்தபோது, "என் பொண்ணு ஓட்டுவா," என்று இருதயராஜ் முந்திக்கொண்டார். பெனிட்டாவுக்கு வேலையே அதுதான். வண்டிக் கம்பெனியில் புது வண்டிகளை ஓட்டிச் சோதிப்பவள்.

அன்று காலை இருதயராஜ் துள்ளிக்கொண்டு வந்தார்.

"மேடம், பயம் போயிடுச்சு!"

"எப்போ?"

"அது தெரியல. திரும்பிப் பார்த்தா, காணோம். வந்து இந்த பேட்டரியைப் பாருங்க. இதுவரைக்கும் செஞ்சதுலயே இதுதான் முத்து. மத்ததெல்லாம் சார்ஜ் ஏற ஏற முரண்டு பிடிக்கும், வோல்ட் எகிறும். இது முனகக்கூட இல்லை. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்குது."

செங்கமலத்தின் முகம் வெளுத்தது.

"எவ்வளவு நேரமா வாங்குது?"

"நிரம்ப வேண்டிய நேரம் எப்பவோ தாண்டிடுச்சு மேடம். இன்னும் வாங்குதுன்னா பாத்துக்குங்க!"

மேடம் கரண்ட் பாயாமலிருக்க வளையலைக் கழற்றி வைத்தார். சார்ஜ் அறைக்குள் இருந்தவர்களை வெளியே அனுப்பினார். சார்ஜ் வயரைத் துண்டித்தார். வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்தினார். மணல் வாளியைக் கதவருகே இழுத்து வைத்தார்.

"என்ன மேடம் ஆச்சு?"

"கண்ணாடி வழியா மீட்டரைப் பாருங்க."

பேட்டரியோடு இப்போது மீட்டரைத் தவிர எதுவும் சேர்ந்திருக்கவில்லை. விளக்கு இல்லை, மோட்டார் இல்லை. எண் அப்படியே நிற்க வேண்டும்.

3.90.

நின்றது போலத்தான் இருந்தது.

3.87.

"யாரும் எடுக்கலையே," என்றார் இருதயராஜ்.

3.81.

"எங்க போகுது மேடம்?"

"உள்ளேயே போகுது."

கண்ணாடிக்கு அப்பால், பேட்டரிக்கு நேர் மேலே, கூரையில் அந்தக் கரி.

"ஓரம் பார்த்தீங்களா அண்ணே?"

"முன்னெல்லாம் ரெண்டு தடவை பார்ப்பேன்."

"இதை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் காலடிச் சத்தம். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பெனிட்டா வந்து நின்றாள்.

"அப்பா, ரெடியா? சீட்டைத் தொறந்து வச்சிட்டேன். பேட்டரியை மாட்டினா கிளம்பிடலாம்."

பேட்டரிக்கு இடம் சீட்டுக்கு அடியில். சீட்டின் மேலே உட்காரப் போகிறவள் அவள்.

"வெளியே போ!"

"என்னப்பா?"

"கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு! போம்மா!"

அப்பா இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டாள்.

இருவரும் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். எண் இறங்கியது. மேடத்தின் உதடுகள் காய்ந்திருந்தன. சாப்பாட்டு மணி அடித்தது, யாரும் அசையவில்லை. ஒரு தடவை உள்ளே ஏதோ சொடுக்கியது. இருதயராஜ், "மாதாவே," என்றார். மீட்டர்தான்.

சாயங்காலம் பேட்டரி காலியாகி ஆறிக் கிடந்தது. தீப்பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு அங்கே யாருடைய சாமர்த்தியமும் காரணமில்லை.

இருதயராஜ் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்த பேட்டரிக்கான பீங்கான் தகட்டை எடுத்து வைத்தார். லென்ஸைப் பிடித்தார். கை நடுங்கியதில் ஓரம் கலங்கித் தெரிந்தது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

செங்கமலம் வளையலை மாட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"பயம் போக வழி கேட்டீங்களே அண்ணே. இப்போ சொல்லட்டுமா?"

இருதயராஜ் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம் மேடம்."