கோரைப் பாதையில் கிடந்த எலும்புகள்

ஒரு காட்டுக் குளத்துக்குக் காட்டெருது தலைவனாக இருந்தது. அதன் முதுகில் எப்போதும் ஒரு மைனா உட்கார்ந்திருக்கும். உண்ணி பொறுக்கித் தின்பதும் பழைய போரின் கதையைச் சொல்வதும் அதன் வேலை.

அது என்ன போர்? முன்பு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செந்நாய்கள் வந்தன. "கொஞ்ச நேரம் நிழலில் இருந்துவிட்டுப் போகிறோம்" என்றன. கடைசியில் குளத்தையே பிடித்துக்கொண்டன. எதிர்த்து நின்ற விலங்குகளைக் கடித்துக் குதறின.

அவை ஆண்ட காலத்தில் கதை சொன்னது ஒரு காகம். "அது போரே இல்லை. அடங்காத மான்கள் செய்த கலவரம். செந்நாய்கள் வந்த பிறகுதான் காட்டில் ஒழுங்கே வந்தது" என்று அது கூசாமல் சொன்னது. தின்றதெல்லாம் செந்நாய் போட்ட மிச்சம். வேறு எப்படிப் பேசும்?

ஒரு நாள் செந்நாய்கள் காட்டைவிட்டுப் போயின. உடனே கதையும் மாறியது. இப்போது சொன்னது மைனாவின் தாத்தா. "நாம் எல்லோரும் ஒன்றாக நின்று போரிட்டோம். கீரிகள் மட்டும் கோரைப்புல்லுக்குள் இருந்த ரகசியப் பாதையைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்தன" என்றது. அன்றிலிருந்து கீரிகள் குளத்தில் வாய் வைக்கக் கூடாது. பனித்துளியை நக்கித்தான் அவை பிழைத்து வந்தன.

அந்த வருஷம் மழை இல்லை. பனியும் இல்லை. ஒரு தாய்க்கீரி தன் மூன்று குட்டிகளையும் புதரோரம் படுக்க வைத்துவிட்டுக் காட்டெருதிடம் வந்தது.

"ஐயா, எனக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வாய் கொடுங்கள்."

"காட்டிக்கொடுத்த குலத்துக்குத் தண்ணீரா?" என்றது காட்டெருது.

"நாங்கள் காட்டிக்கொடுத்ததை யார் பார்த்தது?"

"என் தாத்தா சொன்னார். அவர் என்ன பொய்யா சொல்வார்?" என்று மைனா சீறியது.

அப்போது, கோரைப்புல் காய்ந்துபோன இடத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி, "எல்லோரும் இங்கே வாருங்கள்!" என்று அலறியது.

விலங்குகள் ஓடிப்போய்ப் பார்த்தன. பழைய பாதையின் குறுக்கே கீரி எலும்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு கீரியின் தாடை, செந்நாயின் கால் எலும்பைக் கவ்வியபடியே இருந்தது. காட்டிக்கொடுத்தவர்கள் இப்படியா சாவார்கள்? கீரிகள் பாதையை மறித்து நின்று செத்திருக்கின்றன!

மைனா கேட்டது: "அப்படியானால் பாதையைக் காட்டிக்கொடுத்தது யார்?"

"எனக்குத் தெரியாது. தோண்டிப் பார்த்ததைத்தான் சொல்வேன்" என்றது பன்றி. "அது சரி, உன் தாத்தா எங்கே உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னார்?"

மைனா தன் காலடியில் இருந்த காட்டெருதைக் குனிந்து பார்த்தது. "இவருடைய தாத்தாவின் முதுகில்" என்று மெல்லச் சொன்னது. காகத்தைக் கேலி செய்தே வளர்ந்த பறவை அது. இப்போது அதற்கு வெட்கமும் பயமும் சேர்ந்து வந்தன. காட்டெருது குளத்துக்குப் போகும் வழியை விட்டு விலகி நின்றது.

"ஓடி வாருங்கள் கண்ணுகளா, தண்ணீர் குடிக்கலாம்" என்று தாய்க்கீரி கூப்பிட்டது.

இரண்டு குட்டிகள் ஓடி வந்தன. மூன்றாவது குட்டி எழுந்திருக்கவில்லை. தாய் வாய் நிறையத் தண்ணீர் கொண்டுபோய் அதன் வாயில் விட்டது. தண்ணீர் வழிந்து மண்ணில் இறங்கியது.

ஆகவே, நேற்றைய போரின் கதையைச் சொல்பவர் யாருடைய தயவில் இருந்துகொண்டு சொல்கிறார் என்று விசாரிக்காமல், அதை நம்பி இன்று யாரையும் தண்டிக்காதீர்கள்.