நாற்பது விநாடித் துருவி

தவமணி அம்மாவின் மடத்துக்குத் தீட்சை கேட்டு மூன்று வருஷமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார் ஏகாம்பரம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குருவைவிட இருபது வயது மூத்தவர். கணக்கு உதைத்தால் சாமியே வந்து சொன்னாலும் நம்பமாட்டார்.

அன்று காலை அம்மா சொன்னார்: “ஊர்ல பொருட்காட்சி நடக்குது. ஒரு சுத்து சுத்திட்டு வெறுங்கையோட வாங்க. நாளைக்கே தீட்சை.”

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே போனார் வாத்தியார்.

நடிகை படம் போட்ட சோப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாட்டுப் போட்டு அழைத்த பலகாரக் கடையிலும் மசியவில்லை. ஆனாலும் சாயங்காலம் திரும்பியபோது கக்கத்தில் ஒரு தேங்காய்த் துருவி இருந்தது.

“ஆசைப்பட்டு வாங்கலம்மா,” என்றார் அவசரமாக. “கடைக்காரன் நிரூபிச்சுட்டான்.”

“எப்படி?”

“என் கடிகாரத்தையே பார்க்கச் சொன்னான். அரிவாள்மணையில ஒரு மூடி துருவ ஆறு நிமிஷம். இதுல நாற்பது விநாடி. ‘நம்பாதீங்க சார், நீங்களே துருவிப் பாருங்க’ன்னு என் கையிலயே கொடுத்தான். அதே நாற்பது! தினம் ஒரு மூடின்னா வருஷத்துக்கு முப்பத்திரண்டு மணி நேரம் மிச்சம். நானே கணக்குப் போட்டேன்.”

“வாங்கச் சொன்னாரா?”

“ஒரு தடவைகூடச் சொல்லல. கடைசி வரியை எனக்கே விட்டுட்டான்.”

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அடேயப்பா! பொய் ஏதாவது சொன்னாரா?”

“இல்ல.”

“கணக்குல பிழை?”

“நான் போட்ட கணக்கும்மா!”

அம்மா துருவியை வாங்கி, கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். “சரி, தினம் எத்தனை மூடி துருவுறீங்க?”

வாத்தியார் எண்ணுவதற்கு விரலை மடக்கப் போய் நிறுத்தினார். அவர் தனிக்கட்டை. மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு.

“ஏமாந்துட்டேனாம்மா?”

“அவர் சொன்ன பதில் எல்லாம் சரிதான். காலையில போறப்ப உங்க மனசுல என்ன கேள்வி இருந்தது?”

“தீட்சை எப்ப கிடைக்கும்னு.”

“தேங்காயை எப்படிச் சீக்கிரம் துருவுறதுன்னு?”

“அது இல்ல. அது... கடைக்காரன் வச்சது.”

“மூணு வருஷமா உங்க மனசுல ஒரே ஒரு கேள்வியை வைக்க நானும் பாடுபடுறேன்.”

வாத்தியார் தலை நிமிரவில்லை. “அப்போ தீட்சை?”

அம்மா துருவியோடு எழுந்தார். “கடையைக் காட்டுங்க. முதல்ல நான் அவர்கிட்ட தீட்சை வாங்கிட்டு வர்றேன்.”