ஒரு நிமிட அவகாசம்

பயிற்சியாளராக நிரோஷனுக்கு அது முதல் வருடம். மெல்பேர்னிலிருந்து நான்கு பெண்களை அழைத்துக்கொண்டு, பின்லாந்தின் சிறிய ஊர் ஒன்றில் நடந்த ஜூனியர் கேர்லிங் தகுதிப் போட்டிக்கு வந்திருந்தான். கூட வந்த ஆண்கள் அணி மூன்றாம் நாளே வெளியேறிவிட்டது.

ஆண்கள் அணியின் பயிற்சியாளர் வதனி. பதினைந்து வருடத்துக்கு முன் நிரோஷனுக்குக் கல்லைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

பனித்தளத்தில் கனத்த கருங்கல்லைச் சறுக்கவிட்டு, தூரத்தில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் அருகில் நிற்கிறது என்று பார்க்கும் விளையாட்டு அது. பயிற்சியாளர் தளத்தை ஒட்டிய கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆட்டத்தில் ஒரே முறை, ஒரு நிமிடம், உள்ளே போய்ப் பேசலாம்.

முந்தைய நாள் ஆட்டத்தில் அந்த ஒரு நிமிடத்தை நிரோஷன் கடைசிக் கல்லுக்குப் பயன்படுத்தினான். அணித்தலைவி தர்ஷிகா எதிரணிக் கல்லை அடித்து வெளியேற்ற நின்றுகொண்டிருந்தாள். அவன் ஓடிப்போய், அடிக்க வேண்டாம், மெதுவாக நடுவில் கொண்டுபோய் நிறுத்து என்றான். அவள் தலையாட்டினாள். கல் ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

தோற்றபின் அவள் அவனிடம் வந்து மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்கள் சொன்னதை என்னால செய்ய முடியேல்லை, அண்ணா."

அந்தச் சொல் அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலைச் சாப்பாட்டில் அவனுக்கு ரொட்டி இறங்கவில்லை. மாலையில் இன்னும் ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. வென்றால் அடுத்த மாதம் உலகப் போட்டி. தோற்றால், தர்ஷிகாவுக்கு இருபத்தொரு வயது முடிகிறது. ஜூனியரில் இனி இடமில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த வதனியிடம் கேட்டான். "அக்கா, எப்ப பேசவேணும், எப்ப பேசக்கூடாது?"

"நேற்று நீர் உள்ளே போறதுக்கு முதல் அவள் ஏன் அடிக்க நினைச்சவள்?"

நிரோஷன் யோசித்தான். "தெரியாது. நான் கேட்கேல்லை."

வதனி முட்டையை உரித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மாலை ஆட்டம் கடைசிச் சுற்றுவரை சமநிலையில் வந்தது. கடைசிக் கல் தர்ஷிகாவிடம். வட்டத்துக்குள் எதிரணியின் கற்கள் இரண்டு இருந்தன. ஒன்று நடுவை ஒட்டி, மற்றது சற்றுத் தள்ளி. இன்றும் அவள் அடிக்கத்தான் தயாரானாள்.

இடப்பக்கம் அகலமாக வழி திறந்து கிடப்பது நிரோஷன் கண்ணுக்குத் தெரிந்தது. கல்லை மெதுவாக உள்ளே கொண்டுபோனால் போதும். பக்கத்தில் இருந்த வதனியைப் பார்த்தான். அவர் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கையை உயர்த்தி அவகாசம் கேட்டு, உள்ளே விரைந்தான். நாக்கு நுனிவரை வந்துவிட்ட சொல்லை விழுங்கிக்கொண்டு கேட்டான். "ஏன் அடிக்கிறாய்?"

"இடப்பக்கம் பனித்தூள் படிஞ்சிருக்கு, அண்ணா. போன சுற்றில என்ர கல் அதிலதான் இழுபட்டு நின்றது. மெதுவா விட்டால் போய்ச்சேராது."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இப்போதும் அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. தளம் எங்கும் ஒரே வெள்ளையாக இருந்தது. அவள் தவறாகக் கணித்திருந்தால்? இன்னும் இருபது வினாடி இருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"அப்ப அடி," என்றான்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். தர்ஷிகா குனிந்து, சறுக்கி, கல்லை விட்டாள். கல் தடையின்றிச் சறுக்க, தோழிகள் இருவர் அதன் முன்னால் தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். கல் நேராகப் போய் மோதியது. நடுவில் இருந்த எதிரணிக் கல் வட்டத்தைவிட்டு வெளியே பறந்தது. ஆனால் அவள் கல்லும் நிற்கவில்லை. மெல்லச் சறுக்கி விலகி, எதிரணியின் மிச்சக் கல்லுக்கு நேர் எதிரே போய் நின்றது.

எது நடுவுக்கு அருகில் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நடுவர் அளவுகோலைக் கொண்டுவந்தார். அதன் ஒரு காலை நடுப்புள்ளியில் ஊன்றி, மறுமுனையை ஒரு கல்லுக்குக் கொண்டுபோனார். பிறகு மற்றதற்கு. சந்தேகம் தீராமல் மறுபடியும் முதல் கல்லுக்கே வந்தார். அங்கே தர்ஷிகா துடைப்பத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

நடுவர் நிமிர்ந்து எதிரணியின் பக்கம் கையைக் காட்டினார். வித்தியாசம் நகத்தின் கனம்தான்.

தர்ஷிகா எதிரணிப் பெண்கள் நால்வருக்கும் கைகொடுத்தாள். பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"நான் பார்த்த வழி சரி, அண்ணா. கொஞ்சம் பலமா விட்டிட்டன்."

நிரோஷன் அவள் தோளைத் தொட்டான். அவள் தோழிகளிடம் போனாள்.

பார்க்க வந்தவர்கள் எழுந்து கலையத் தொடங்கினார்கள். அவன் மட்டும் வெறும் தளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் தடுத்திருக்கவேணும், அக்கா," என்றான். "பிழைவிட்டிட்டன்."

வதனி தன் குளிர்கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இண்டைக்கு அவள் உம்மட்ட மன்னிப்புக் கேட்கேல்லை. நடுவர் அளந்தது கல்லை மட்டும்தான், நிரோ."