பாவாத்தா வீட்டுல பால் உறையல

ஒரு ஊர்ல ஒரு தயிர்க்காரம்மா இருந்தா கண்ணு. பேரு பாவாத்தா. அவ தயிரு கத்தி வெச்சு அறுக்கற மாதிரி கட்டியா இருக்கும். தெருவுல யாரு வீட்டுல உறைமோர் தீந்தாலும் அவகிட்டத்தான் ஒரு கரண்டி வாங்கிட்டுப் போவாங்க. கேக்கறியா? ம்.

ஒரு நாள் காலையில மூடியத் தொறக்கறா. சளக்! பால் பாலாவே கெடக்குது. திக்குனு ஆயிருச்சு அவளுக்கு. அப்புறம் பக்கத்து வீட்டு மோர வாங்கி ஊத்தினா. மறுநாளும் சளக்! அப்புறம் எதுத்த வீட்டு மோர். மூணாம் நாளும் சளக்! அதுக்குள்ள தெருவுல அவ மோர் வாங்கின எந்த வீட்டுலயும் பால் உறையல.

"இவ மோருல என்னத்தையோ கலந்துட்டா"ன்னு ஒருத்தன், கையில இருந்த பால அவ வாசல்லயே சொளேர்னு ஊத்திட்டுப் போனான். பாவாத்தா அப்படியே செவத்துல சாஞ்சுட்டா.

அப்போ பால் சொசைட்டியில பால் சோதிக்கற பொண்ணு இளவேனிகிட்ட மோரக் கொண்டு போனா. அவ பொடிசப் பெருசாக் காட்டற கண்ணாடி வெச்சுப் பாத்தா.

"அக்கா, தயிர உறைய வெக்கறதே பாக்டீரியாதானுங்க. அது ஒண்ணுகூட உருப்படியா இல்ல. வைரஸ் வேலையாத்தான் இருக்கும்."

"எங்க, காட்டு பாக்கலாம்?"

"இந்தக் கண்ணாடிக்கும் தெரியாதுங்க, அத்தன பொடிசு. மேல ஒரு ஓடு, உள்ள சுருட்டி வெச்ச ஒரு நூலு. அவ்வளவுதான். வாயில்ல, வயிறில்ல, மூச்சும் இல்ல."

"அப்புறம் எப்படி இதத் திங்குது?"

"திங்காதுங்க. பாக்டீரியா மேல பொருந்துற எடம் பாத்து டக்குனு ஒட்டும். சர்ருனு நூல மட்டும் உள்ள எறக்கும். அப்புறம் அந்த நூலு சொன்னதுதான் சட்டம். பாக்டீரியா தன் வேலைய விட்டுட்டு, புது ஓடும் புது நூலுமா செஞ்சு குவிக்கும். பத்தாகி, நூறாகி... பட்! வெடிச்சுரும். அந்த நூறும் அடுத்ததப் பாத்துக் கெளம்பிரும்."

பாவாத்தா வாயில கைய வெச்சுட்டா. "அடி ஆத்தா! அத வெச்சே செய்யச் சொல்லி, அதையே கொல்லுதா?"

"ஆனா எல்லா வக பாக்டீரியாலயும் ஒட்டாதுங்க. வேற வக இருக்கற மோர் வேணும். உங்ககிட்ட ஒரு நாளும் மோர் வாங்காத வீடு எதுங்க?"

பாவாத்தா மொகம் வெளுத்துப் போச்சு. ஏன் தெரியுமா? அப்படி ஒரே வீடுதான் இருந்துச்சு. அவ ஓரகத்தி நல்லம்மா வீடு. காட்டு நெலப் பங்குல சண்ட வந்து, பதினோரு வருஷமாப் பேச்சே கெடையாது.

தூங்கிட்டியா? ம்.

அப்புறம் பழைய பானையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, சொம்ப நல்லா கொதிக்க வெச்சு எடுத்துட்டுப் போனா. நல்லம்மா வீட்டுப் படியேறி சொம்ப நீட்டினா.

"அக்கா, எம் மோர் செத்துப் போச்சு."

நல்லம்மா தெகச்சுப் போயிட்டா. "மோரு சாகுமாடி?"

சொம்ப வாங்கி நெறைய ஊத்திக் குடுத்தா.

மறுநாள் விடிஞ்சதும் பாவாத்தா கதவத் தொறந்தா, வாசல்ல நல்லம்மா!

"பானையத் தொற, பாக்கலாம்."

சாச்சுப் பாத்தாங்க. அசையல! நல்லம்மா ஒரு வெரல விட்டு நக்கிப் பாத்தா.

"எங்க வீட்டு ருசி"ன்னா. அப்புறம் மெதுவா, "உள்ள வரட்டுமாடி?"ன்னு கேட்டா.

கதையும் உறைஞ்சுருச்சு கண்ணு. அசையாமத் தூங்கு.