மறுபேச்சில்லாத பத்தியம்

"வெட்டித் தச்ச நெஞ்சு நல்லா ஆறிட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பொறவும் ஏன் சாமி, ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்க மாட்டேங்குது?"

கேட்டது குற்றாலிங்கம்.

வேலப்ப சாமி தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தென்காசிப் பக்கம் சித்தாற்றங்கரையில் இருக்கிற சின்ன மடம் அது. சாமிக்கு எழுபதைத் தொடப்போகிற வயது. குற்றாலிங்கமும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆனாலும் அவர் குரு, இவர் சீடர்.

நல்ல சீடர் போங்கள். சாமி ஒன்று சொன்னால் இவர் ஒன்பது கேட்பார். மடத்துக்கு வருகிறவர்கள் உபதேசம் கேட்க வந்தார்களா, இந்த இருவரும் முட்டிக்கொள்வதை வேடிக்கை பார்க்க வந்தார்களா என்பது அந்தச் சிவனுக்கே வெளிச்சம்.

பைபாஸ் ஆபரேஷனோடு அது நின்றுபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, "அவர் மனசு அதிராமப் பாத்துக்குங்க" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். குற்றாலிங்கம் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சாமி எது சொன்னாலும் மறுபேச்சே கிடையாது. மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்ற பயம், வேறென்ன.

சாமி மெல்லத் திரும்பினார்.

"குற்றாலிங்கம், சித்தாறு மேக்க பாத்துதான ஓடுது?"

குற்றாலிங்கம் வாசல் வழியே ஆற்றைப் பார்த்தார். அது பாட்டுக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஆமா சாமி."

"வேப்பங்கா இனிக்கும் என்ன?"

"இனிக்கும் சாமி."

"முப்பது வருசமா இங்க கெடந்து நீரு ஒண்ணும் படிக்கல."



"உண்மைதான் சாமி."

சாமி அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் செத்தா நீரு அழ மாட்டீரு."

குற்றாலிங்கத்தின் வாய் "ஆ" வரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"அழ மாட்டீருன்னேன்."

"பொய்."

குற்றாலிங்கம் எழுந்தே விட்டார்.

"சுத்தப் பொய். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்து கெடந்தது யாரு? நர்சம்மா வந்து, 'உள்ள இருக்கவரு உங்களுக்கு என்ன வேணும்'னு கேக்கையில, பதில் சொல்லத் தெரியாம அழுதது யாரு? காவி கட்டிட்டா வாய்க்கு வந்ததச் சொல்லலாமா? ஆறு மேக்க ஓடுதாம், ஆறு. கண்ணத் தொறந்து பாரும்வே."

சோட்டுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி 'வே'யா? குருவையா?

குற்றாலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் சாமி ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது.

குற்றாலிங்கம் பதறிப்போய் அவர் தோளைத் தாங்கினார்.

"சாமி, என்ன செய்யுது? பாவி நான் கெடுத்தேனே."

"ஒண்ணுமில்லவே. சிரிச்சாத் தையல் வலிக்கு. அதான் பிடிச்சிருக்கேன்."

சாமியின் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்காமலே தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒரு துண்டு மாங்கா ஊறுகா வையும்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

"டாக்டர் குருவா, நான் குருவா?"

"சோத்து விசயத்துல நான்தான் குரு. பேசாமச் சாப்பிடுங்க."

சாமி சாப்பிட்டார். ஆனால், பேசாமல் சாப்பிடவில்லை.