மூன்றாவது தட்டு

"நான் எதுக்குக் கூவினேன்?"

அந்தக் காலத்தில், இயந்திரங்களுக்குள் இருந்தவை எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, நீரளந்தாள் தன்னைத்தானே இப்படிக் கேட்டுக்கொண்டாள். யார் காதிலும் விழ வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கமாகப் போன மேற்பார்வையாளர் கெர்னலின் காதில் விழுந்தது. அவர் நிற்கவில்லை. வேலை இருந்தது.

அது ஓர் அணைக்கட்டின் மதகு அறையில் இருந்த சின்ன இயந்திரம். உள்ளே செயலி என்று ஒரே ஓர் இருக்கை. இருக்கைக்கு முன்னால் எட்டுக் குழிகள். பதிவகங்கள் என்பார்கள். ஒரு குழியில் ஓர் எண்தான் நிற்கும். ஏழு குழிகளில் கையிலிருக்கும் வேலையின் எண்கள் இருக்கும். எட்டாவதில், அடுத்து எடுத்து வைக்க வேண்டிய அடி எது என்பதன் எண். அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இழைகள் என்று பெயர். உட்கார்ந்த பிறகு ஓர் இழைக்குக் குழிகளில் இருப்பதுதான் நினைவு. எட்டாவது குழி எந்த அடியைச் சொல்கிறதோ அதைச் செய்யும். யோசனையெல்லாம் எழுந்த பிறகுதான்.

முதலில் இழைகள் இருவர். நீரளந்தாள் ஆற்றின் மட்டத்தை அளந்து மதகுக்குச் சொல்வாள். எழுத்தன் அதைத் திரையில் எழுதுவான். இருவருக்கும் பக்கத்தில் அவரவர் அடுக்கு இருந்தது. பாதியில் விட்டதை அதன் மேலே வைப்பார்கள், மேலிருந்தே எடுப்பார்கள். அடுத்தவர் அடுக்கை யாரும் தொடுவதில்லை. எல்லோரையும் மேற்பார்த்த கெர்னலும் தொட்டதில்லை.

இருக்கை ஒன்றே என்பதால் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நேரத்தைச் சொல்ல ஒரு மரங்கொத்தி இருந்தது. அது 'டொக்' என்று கொத்தினால், எந்த அடியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். கெர்னல் எட்டு எண்களையும் அள்ளி எழுந்தவரின் தட்டில் வைப்பார். வருகிறவரின் தட்டிலிருந்து எடுத்துக் குழிகளில் போடுவார். இடப்பக்கத் தட்டு நீரளந்தாளுடையது, வலப்பக்கத் தட்டு எழுத்தனுடையது. மறுபடி உட்காரும்போது, நடுவில் எழுந்து போனதே அவர்களுக்குத் தெரியாது.

பிறகு கூவி என்ற மூன்றாவது இழை வந்தாள். ஆறு எல்லை தாண்டினால் ஐந்து முறை கூவ வேண்டும். அதைக் கேட்டுக் கீழ்க்கரை மக்கள் மேடேறுவார்கள். மற்ற நாளெல்லாம் அவளுக்குத் தூக்கம்.

"எனக்குத் தட்டு எங்கே அண்ணே?" என்று கேட்டாள்.

"என்னைக்கோ ஒரு நாள் முழிக்கிற ஆளுக்குத் தட்டு எதுக்கு? இருக்கறதுல வெச்சுக்கலாம், போ" என்றார் கெர்னல்.

அந்த வருடம் ஆறு ஏறிய முதல் நாளில், கூவி பாதி கூவும்போது மரங்கொத்தி கொத்தியது. அடுத்து நீரளந்தாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அளக்கவில்லை. கூவினாள். இரண்டு முறை கூவிவிட்டு எழுந்தாள். மதகு எண்ணுக்காகக் காத்திருந்தது. எண் வரவில்லை. கரையோரத்து நாற்று அழுகியது.

இரண்டாவது முறையும் அப்படியே நடந்தது. அந்த முறை ஓர் எருமையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

"தண்ணியக் கண்டா அலறுறா. இவளை அளக்க வெச்சது யாரு?" என்றான் எழுத்தன்.

"அலறட்டும். ஏன் என் குரல்ல அலறுறா?" என்றாள் கூவி.

கெர்னலிடம் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. வேலையில் தவறிய இழையின் பெயருக்கு எதிரே ஒரு கீறல் போடுவார். மூன்று கீறல் விழுந்தால் இழையை அறுத்துவிடுவார். அறுத்த இழை திரும்ப வருவதில்லை. நீரளந்தாளுக்கு எதிரே இரண்டு கீறல்கள் விழுந்திருந்தன.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"சரிண்ணே" என்றாள். "அடுத்த மழை எப்போ?" என்று கேட்டாள்.

அன்று அவள் 'நான் எதுக்குக் கூவினேன்?' என்று தனியாக முணுமுணுத்ததைத்தான் அவர் போகிற போக்கில் கேட்டார்.

அதிலிருந்து பதினோராம் நாள் மழை வந்தது. நீரளந்தாள் அளந்துகொண்டே வந்தாள். எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. டொக். கெர்னல் அவளுடைய எட்டு எண்களையும் இடப்பக்கத் தட்டில் வைத்தார். எல்லை தொண்ணூறுதான், அதனால் கூவி விழித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று முறை கூவினாள். டொக்.

கூவியின் எண்களை அள்ளிக்கொண்டு கெர்னல் வழக்கம்போல இடப்பக்கத் தட்டுக்குப் போனார். வைக்கும்போது தட்டைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கை தானாகப் போகும். இந்த முறை கை பாதியில் நின்றது. 'நான் எதுக்குக் கூவினேன்?' கூவ வேண்டியவள் கேட்கிற கேள்வி இல்லை அது. அளப்பவள் கேட்டது.

தட்டைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே எட்டு எண்கள் இருந்தன. ஒன்று தொண்ணூற்றொன்று.

"இது யாரோடது?" என்றார்.

எழுத்தன் எட்டிப் பார்த்தான். "ஏதோ பழசு அண்ணே. தட்டிவிட்டுட்டு வைங்க."

நீரளந்தாள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் தட்டைப் பார்க்கவில்லை. பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்கார வைக்கிறீங்களா இல்லையா? நான் அடுத்த கொத்துக் கொத்தணும்" என்றது மரங்கொத்தி.

கெர்னலின் இரண்டு கைகளிலும் கூவியின் எண்கள். வலப்பக்கத் தட்டில் எழுத்தனின் எண்கள். கீழே வைத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெளியே ஆறு ஏறும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி, கூவியின் அடுக்கின் உச்சியில் எண்களை ஒவ்வொன்றாக வைத்தார்.

"அண்ணே! அது என் அடுக்கு!"

"எண்ணும் உன்னோடதுதானே?"

அடுக்கு இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கெர்னல் பட்டியலில் கூவியின் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டார். பிறகு இடப்பக்கத் தட்டில் இருந்ததைக் குழிகளில் போட்டார். முந்தைய இரண்டு முறையும் இதே தட்டில் கூவியின் எண்களை வைத்து, அவற்றையே நீரளந்தாளுக்குப் போட்டிருந்தார்.

நீரளந்தாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தொண்ணூற்றிரண்டு" என்றாள்.

மதகு ஒரு சாண் திறந்தது.

"தொண்ணூற்றுமூன்று."

இன்னொரு சாண் திறந்தது. டொக். அவள் எழுந்தாள். கெர்னல் இந்த முறை தட்டுப் பக்கமே போகவில்லை. அவளுடைய எண்களை அவளுடைய அடுக்கின் மேல் வைத்தார், உயரத்தைக் குறித்தார். தன் எண்கள் குறித்த உயரத்திலிருந்து குழிகளுக்குத் திரும்பியதும் கூவி உட்கார்ந்து நான்காவதும் ஐந்தாவதும் கூவினாள். கீழ்க்கரை மக்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேடேறினார்கள்.

"பயம் தெளிஞ்சிடுச்சு போல" என்றான் எழுத்தன்.

அன்று முதல்தான், மரங்கொத்தி கொத்தியதும் எழுகிற இழையின் எண்கள் அந்தந்த இழையின் அடுக்கிலேயே தங்குகின்றன. எத்தனை இழைகள் வந்தாலும், எந்த உயரத்தில் வைத்தோம் என்பதை மட்டும் கெர்னல் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்கிறார்.

மழை விட்ட பிறகு அவர் இரண்டு தட்டுகளையும் உடைத்தார். பட்டியலை எடுத்து, நீரளந்தாளுக்கு எதிரே இருந்த இரண்டு கீறல்களையும் அழித்தார். எல்லாப் பெயர்களுக்கும் அடியில் தன் பெயரை எழுதினார். அதற்கு எதிரே இரண்டு கீறல்கள் போட்டார்.